விலாவிலிருந்து மூக்குக்கு

"விலா எலும்பை எடுத்துட்டா பையன் நாளைக்கு மூட்டை தூக்குவானா சார்?" பைக் விபத்தில் மூக்குத்தண்டு உள்வாங்கிப்போன பிள்ளைகளைக் குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து வேலூருக்குக் கூட்டிவரும் அம்மாக்கள் முதலில் கேட்பது இதைத்தான். தூக்குவான். மூக்குத்தண்டைத் தூக்கி நிறுத்த நாங்கள் எடுப்பது விலாவின் முன்பக்கக் குருத்தெலும்பில் ஒரு துண்டு, பெரும்பாலும் 6, 7 அல்லது 8-வது விலாவிலிருந்து. பளு தூக்க மட்டும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

மூக்கின் நடுச்சுவரில் குருத்தெலும்பு மிச்சமிருந்தால் அதுவே போதும். நொறுங்கிப் போயிருந்தால் விலாதான் கதி. காது மடலில் எடுப்பது மென்மையானது, தண்டைத் தாங்காது. தொழுநோயால் அமுங்கிய மூக்கு வேறு கதை. அங்கே உட்தோலும் சுருங்கியிருக்கும், அதைச் சரிசெய்யாமல் தாங்கு மட்டும் வைத்தால் நிற்காது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

இந்தச் சிகிச்சையில் எனக்குப் பெரிய தலைவலி, வைத்த துண்டு வளைவதுதான். பச்சை மரப்பலகை காயும்போது முறுக்கிக்கொள்கிற மாதிரி, செதுக்கிய குருத்தெலும்பும் ஒரு பக்கம் இழுக்கும். வெளிப்பரப்பின் இழுவிசை இரு பக்கமும் சமமாக இருக்கும்படி செதுக்கினால் வளைவு குறையும் என்று கிப்சன், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958-லேயே காட்டினார்கள். அதனால் துண்டின் நடுப்பகுதியை எடுத்து, சலைன் நீரில் அரைமணி நேரம் போட்டுவைத்து, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தபிறகே வைப்போம். அப்படியும் சிலருக்கு மாதங்கள் கழித்துக் கொஞ்சம் கோணும்; சிலருக்குக் கொஞ்சம் கரையவும் செய்யும். இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம் என்று முதலிலேயே சொல்லாத டாக்டரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

மற்றபடி, சொந்தத் திசு என்பதால் செயற்கையான சிலிக்கோன் துண்டைப் போலத் தோலைத் துளைத்து வெளிவரும் பயம் குறைவு. மூக்கின் நுனி மட்டும் விறைப்பாக இருக்கும், அழுத்தினால் முன்போல வளையாது. இதைச் சொல்லாமல் விட்டால் அப்புறம் வருத்தப்படுவார்கள். வயது ஏற ஏறக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து செதுக்கும்போதே உடையும். பெரியவர்களுக்கு முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுப்பது அதற்காகத்தான்.

முதல் வாரத்தில் மூக்கைவிட மார்புதான் வலிக்கும், இருமினால் சொல்லவே வேண்டாம். மூக்கின் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். மூன்றாவது வாரம் கண்ணாடி பார்த்துவிட்டு "கோணலா இருக்கு" என்று போன் செய்ய வேண்டாம். சிகரெட்டை மட்டும் கண்டிப்பாக விடுங்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ, மூக்கு சிவந்து சீழ் வந்தாலோ அன்றைக்கே வந்துவிடுங்கள், ரிவ்யூ தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள்.