வலையில் வராத மீனை எப்படி எண்ணுவது?

வெள்ளம் வடிந்தபின் ஆற்றோரச் சமவெளியில் தேங்கி நிற்கும் குட்டைகளையும் தூர்ந்துபோன பழைய வாய்க்கால்களையும் பார்த்தால், இங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது என்று தோன்றும். முழங்கால் ஆழத் தண்ணீர், அதன் அடியில் கறுத்த சேறு. ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் கொண்டுவந்த வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற ‘வானிலை மீன்’ குடியிருப்பது இந்தச் சேற்றில்தான். நம் அயிரைக்கு உறவு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும். குட்டை வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். இடிமழைக்கு முன்னால் நிலைகொள்ளாமல் அலைவதால் அந்தப் பெயர்.

ஓரிடத்தில் என்னென்ன மீன் உண்டு என்று பார்க்க, ஆய்வாளர்கள் பெரும்பாலும் மின்சாரத்தைத்தான் கையில் எடுப்பார்கள். முதுகில் பேட்டரி, கையில் வளையம் பொருத்திய கோல், அதுதான் நேர்மின்வாய். நேர்மின்னோட்டம் பாய்ந்ததும் மீனின் தசைகள் அதன் விருப்பத்தைக் கேட்காமலே அதை வளையத்தை நோக்கி நீந்தவைக்கும். கிட்டே வந்ததும் மயங்கும். கைவலையால் அள்ளி, நீளம் அளந்து, தெளிந்தபின் விட்டுவிடலாம்.

எண்ணிக்கைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வாய்க்காலின் ஒரு துண்டை இரு பக்கமும் வலையால் அடைத்து, ஒரே அளவு உழைப்பில் இரண்டு சுற்று பிடிக்க வேண்டும். முதல் சுற்றில் 60 மீன். அவற்றைத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி பிடித்தால் 30. ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதில் பாதி சிக்குகிறது என்று கொண்டால், தொடக்கத்தில் 120 இருந்திருக்க வேண்டும். கண்ணில் படாத 30-ம் கணக்குக்குள் வந்துவிட்டன.

வானிலை மீனிடம் இது எளிதில் பலிக்காது. சேற்றுக்குள் மயங்கினால் அங்கேயே கிடக்கும், மேலே வராது. அதற்குத்தான் தண்ணீரையே சோதிக்கும் முறை. மீனின் கோழையும் கழிவும் தண்ணீரில் டி.என்.ஏ.வை விட்டுச் செல்கின்றன. தண்ணீரை வடிகட்டி, அந்த இனத்துக்கே உரிய துணுக்கைப் பெருக்கிப் பார்த்தால் தடயம் தெரியும். 2012-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று வானிலை மீனை இப்படிக் கண்டறிந்தது. டி.என்.ஏ. சில நாள், சில வாரங்களில் சிதைந்துவிடும் என்பதால் தடயம் புதியது என்று நம்பலாம். ஆனால் வெள்ள நேரத்தில் எடுத்த தண்ணீரை நான் நம்பமாட்டேன்; மேலே எங்கோ இருக்கும் மீனின் தடயத்தையும் ஆறு கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

பிட்டர்லிங் என்ற சிறு மீனுக்கு மீனை எண்ணினால் மட்டும் போதாது. பெண்மீன் நீண்ட குழாயை நீட்டி, உயிருள்ள நன்னீர் மட்டிக்குள் முட்டையிடும். குஞ்சுகள் நீந்தும் பருவம் வரை மட்டியின் செவுளுக்குள்தான் வளரும். எனவே ஆய்வாளர் குனிந்து சேற்றில் துழாவி மட்டிகளையும் எண்ணுகிறார். மட்டி செத்துப்போன குளத்தில் எத்தனை பிட்டர்லிங் நீந்தினாலும், அடுத்த தலைமுறை அங்கே பிறக்க வழியில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது ‘மீன் இல்லை’ என்று எழுதப்படும் அறிக்கைதான். இருக்கும் மீனை ஒரு வருகையில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு என்றால், மூன்று முறை போனாலும் தவறவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு. ஐந்து முறை போனால் 8. ஒரே ஒரு காலைப்பொழுதில் வலை வெறுமையாக வந்ததை வைத்து, தூர்வார அனுமதி கொடுத்துவிடக் கூடாது. அனுமதி கொடுத்தே ஆகவேண்டும் என்றால், வாய்க்காலில் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டு, கரையில் கொட்டிய சேற்றைக் கையால் கிளறிப் பார்க்க ஆள் வேண்டும். வானிலை மீன் அந்தக் குவியலுக்குள் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கலாம்.