கோழி நன்றாகத்தான் இருக்கிறது, முட்டை ஏன் பொரிக்கவில்லை?

இந்த வாரமும் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு அம்மா ஒரு கூடை முட்டை கொண்டுவந்தார். அடை வைத்து 21 நாள் தாண்டியும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. எல்லாம் கூமுட்டை என்று நினைத்துத்தான் அந்த அம்மா கொண்டுவந்திருந்தார். உடைத்துப் பார்த்தால் பாதிக்குமேல் கரு பிடித்து வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுகள். சிலவற்றுக்குக் கால்கள் குட்டை. அலகு கிளிமூக்காக வளைந்திருந்தது.

“கோழிக்கு மருந்து ஏதாவது அடிச்சீங்களாம்மா?”

“பேன் புடிச்சுக் கெடந்துச்சுங்க டாக்டர். பருத்திக்கு அடிச்சதுல மிச்சம் இருந்துச்சு, அதை அடிச்சோம். ஆனா கோழிக்கு ஒண்ணும் ஆகலீங்களே, நல்லாத்தான மேயுது?”

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போட மறக்காதவர்கள், அதே கூடையில் பூச்சிமருந்தைத் தெளிக்கத் தயங்குவதில்லை. பொரிக்காவிட்டால் பழி இடிமேல், அமாவாசைமேல், சேவல்மேல்.

கோழி உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே போன அளவு அதைக் கொல்லப் போதவில்லை. அதன் கருப்பைக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அதற்கு அர்த்தமில்லை. உடம்புக்கு நெருக்கடி என்றால் பறவை முதலில் நிறுத்துவது முட்டையைத்தான். தீனி குறையும், ஹார்மோன் குறையும், முட்டை நிற்கும். சேவலுக்கு விந்து குறையும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, கூவிக்கொண்டுதான் திரியும். அதோடு, மஞ்சள்கரு முட்டையிடுவதற்கு முந்தைய 7 முதல் 10 நாட்களில்தான் வேகமாகப் பெருக்கிறது. அதற்கான கொழுப்பு கல்லீரலிலிருந்து ரத்தம் வழியாக வருகிறது. கொழுப்பில் கரையும் மருந்தும் கூடவே வந்து இறங்கிவிடும். கோழி தன் உடம்பிலிருக்கும் விஷத்தை முட்டைக்குள் தள்ளிவிட்டு நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும்.

உலகமே பார்த்த விஷயம் இது. டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்த காலத்தில் பிரிட்டனின் பொரி வல்லூறுகள் என்ற வேட்டைப் பறவைகள் செத்து விழுந்ததால் மட்டும் குறையவில்லை. அவை அடை உட்கார்ந்தன, ஓடு மெலிந்த முட்டைகள் அடியிலேயே உடைந்தன. ராட்கிளிஃப் என்ற அறிவியலாளர் 1967இல் அதை அளந்து காட்டினார். (நம் கோழிக்கு அந்த விஷயத்தில் தாங்கும் சக்தி அதிகம். அதனால் தோல்முட்டை இட்டால் உடனே மருந்துமேல் பழி போடாதீர்கள். முதலில் சுண்ணாம்புச் சத்தையும் வெள்ளைக்கழிச்சலையும் பாருங்கள்.) ஸ்பெயினில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து பூசி நேர்த்தி செய்த விதையைக் கௌதாரிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவு தின்றவை செத்தன. குறைந்த அளவு தின்றவையோ முதல் முட்டையைத் தாமதமாக இட்டன, முட்டை எண்ணிக்கை குறைந்தது, குஞ்சுகளின் நோய் எதிர்ப்பும் குறைந்தது. 2017இல் நெதர்லாந்தில் கோழிப்பண்ணை உண்ணிக்கு அடித்த கலவையில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து இருந்தது. கோழிகளைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை, முட்டையைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. லட்சக்கணக்கில் முட்டைகளை அழித்தார்கள். நம் ஊரில் நாய் உண்ணிக்கு அடிக்கும் ஸ்பிரேக்களில் பலவற்றில் இருப்பதும் அதே ஃபிப்ரோனில்தான். நாய்க்கு அடித்துவிட்டு மிச்சத்தைக் கோழிக்கும் அடிக்கிறார்கள்.

வயலுக்கு வாங்கிய மருந்தைக் கோழிமேல் அடிக்காதீர்கள். தண்ணீர் அதிகம் கலந்தாலும் அடிக்காதீர்கள். அடைகோழிமேல், அடைமுட்டைமேல் கட்டாயம் கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. மருந்து நேராகக் கருவுக்குப் போகும். நான் பார்த்த வளைந்த அலகும் குட்டைக் காலும், மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் கருவில் உண்டாக்கும் கோளாறுகள்.

விதைநேர்த்தி செய்து மிஞ்சிய சோளத்தையும் மக்காச்சோளத்தையும் கழுவிப் போடுகிறோம் என்கிறீர்களே, கழுவினால் சாயம் போகும், மருந்து முழுதாகப் போகாது. கோழி எட்டாத ஆழத்தில் குழிதோண்டிப் புதையுங்கள். விதைக்கும்போது வரப்பில் சிந்தியதை மண்ணில் மூடுங்கள். மயிலும் கௌதாரியும் உங்களிடம் வைத்தியத்துக்கு வரப்போவதில்லை. மருந்தடித்த காட்டில் சில நாட்களுக்குக் கோழியை மேயவிடாதீர்கள். செத்த பூச்சியை அது தேடித் தேடித் தின்னும்.

பேனுக்கு வழி இல்லாமலில்லை. அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து நிழலில் ஒரு குழி நிரப்பி வையுங்கள், கோழி தானே புரண்டுகொள்ளும். உண்ணி பகலில் கோழிமேல் இருக்காது. கூண்டின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். அதனால் வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். ஒவ்வொரு அடைக்கும் புது வைக்கோல் போடுங்கள், பழையதை எரித்துவிடுங்கள். அப்படியும் தீரவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, கோழிக்கென்று உள்ள மருந்தை அவர் சொல்லும் அளவில் மட்டும் போடுங்கள். எத்தனை நாள் முட்டையைத் தின்னக்கூடாது, அடை வைக்கக்கூடாது என்பதையும் மறக்காமல் கேளுங்கள். அது மருந்துக்கு மருந்து மாறும்.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? திட்டுவேன் என்று பயந்து மறைக்காதீர்கள். கோழி வாயில் நீர் வடிந்து தலை சாய்ந்தால் உடனே கொண்டுவாருங்கள், மருந்து பாட்டிலையும் சேர்த்து. சில வகை விஷத்துக்கு அட்ரோபின் ஊசி கேட்கும், வேறு வகைக்குக் கேட்காது. லேபிளைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.