கார்ட் ஏன் நுளம்பு அடிக்கிறார்?

பொம்மை ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு ஒரு கார்ட்டை நிற்கவைத்து, சக்கரத்தின் அச்சிலிருந்து ஒரு கம்பியை எடுத்து அவர் கையில் மாட்டி, ரயில் ஓட ஓடக் கொடி அசைகிற மாதிரிச் செய்துவிட்டு, பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் அக்காவின் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு சுற்றுப் பார்த்தாள். “மாமா, கார்ட் ஏன் நுளம்பு அடிக்கிறார்?” என்று கேட்டாள்.

வெள்ளவத்தையில் கடலோரமாகப் போகிற கோச்சியைத் தினமும் பார்க்கிற பிள்ளை. நிஜ கார்ட்டின் கை எவ்வளவு ஆறுதலாக எழும்பும் என்று அவளுக்குத் தெரியும். சரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடுகிற ரயில் இந்த அளவில் செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். சக்கரத்தின் விட்டம் பத்தரை மில்லிமீற்றர், ஒரு தரம் சுற்றினால் 33 மில்லிமீற்றர் போகும். அப்படியென்றால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட ஆறு சுற்று. அச்சில் நேரே மாட்டிய கையும் செக்கனுக்கு ஆறு தரம் ஏறி இறங்கும். நுளம்பு அடிக்கிற வேகம்தான், பிள்ளை சொன்னது சரி.

வேகத்தைக் குறைப்பது சுலபம். பழுதாய்ப்போன விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய ஒரு புரிச் சில்லையும் 20 பல் பற்சில்லையும் இடையில் போட்டேன். புரிச் சில்லு திருகாணி மாதிரி, ஒரு தரம் சுற்றினால் பற்சில்லை ஒரு பல்தான் நகர்த்தும். ஆகவே அச்சு 20 தரம் சுற்றினால்தான் கை ஒரு தரம் போய்வரும், மூன்று செக்கனுக்குக் கொஞ்சம் மேல். போட்டபிறகுதான் வேறு வில்லங்கம் தெரிந்தது. வேகமாக ஆடினபோது கண்ணில் படாத பிழையெல்லாம் மெதுவாக ஆடும்போது பட்டவர்த்தனமாகிவிட்டது. கை கொஞ்சத் தூரம் எழும்பும், நிற்கும், திடீரென்று துள்ளும்.

முதல் பிழை ஓட்டைகளில் இருந்த தளர்வு. கம்பி நுழைகிற ஓட்டை கம்பியைவிட 0.2 மில்லிமீற்றர்தான் பெரிது, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தக் கம்பி தோள் அச்சிலிருந்து 2 மில்லிமீற்றர் தள்ளி மாட்டியிருக்கிறது, கொடியின் நுனியோ தோளிலிருந்து 10 மில்லிமீற்றர். ஐந்து மடங்கு. ஓட்டையில் உள்ள 0.2, கொடி நுனியில் 1 மில்லிமீற்றர் ஆகிறது. 87ஆல் பெருக்கிப் பாருங்கள், நிஜ ஆளின் கை ஒன்பது சென்ரிமீற்றர் சும்மா தொளதொளவென்று ஆடுகிற மாதிரி. ஓட்டையை எவ்வளவு சின்னதாகத் துளைத்தாலும் இது முழுதாகப் போகாது. கை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்படி மெல்லிய வில் (ஸ்பிரிங்) ஒன்றால் இழுத்துவைத்தால் போய்விடும், கம்பி ஓட்டையின் ஒரே ஓரத்தில் ஒட்டிக்கொண்டே நகரும். நான் போட்டது அறுந்த கிட்டார் தந்தி, முதல் தந்தி, கால் மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை.

அடுத்தது உராய்வு. ஓய்வில் இருக்கிற பொருளை அசைக்கத் தேவையான விசை, அசைந்துகொண்டிருப்பதைத் தள்ளத் தேவையானதைவிடக் கூட. அலுமாரியைத் தள்ளினவர்களுக்குத் தெரியும், அசையாது அசையாது என்று நின்று ஒரேயடியாக வழுக்கும். மெல்லிய கம்பி முதலில் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, விசை சேர்கிறது, பிடி விட்டதும் கை பாய்கிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. வேகம் குறையக் குறைய இந்த ஒட்டல் கூடும். கிறீஸ் பூசினால் சரியாகும் என்று நினைத்துப் பூசி, இரண்டு கிழமையில் தூசியும் பஞ்சும் சேர்ந்து கை அப்படியே நின்றது. கம்பியை மினுங்கத் தேய்த்து, 2பி பென்சில் முனையைத் தூளாக்கிப் போட்டால் போதும். பென்சில் கரி என்பது கிராஃபைற், இலங்கை உலகத்துக்கே தோண்டி அனுப்பின சாமான்தானே.

இவ்வளவும் செய்தபிறகும் கார்ட் பிளாஸ்ரிக் மாதிரித்தான் இருந்தார். காரணம் எடை. நீளம் 87 மடங்கு குறைந்தால் கனவளவு 87ஐ மூன்று தரம் பெருக்கினது அளவுக்கு, ஆறரை இலட்சம் மடங்கு குறையும். 70 கிலோ மனிதர் பத்தில் ஒரு கிராம் ஆகிறார். ஊசல் கணக்கும் இப்படித்தான். 70 சென்ரிமீற்றர் ஊசல் ஒன்று போய்வர 1.7 செக்கன் எடுக்கும். அதையே 87 மடங்கு சுருக்கினால் 0.18 செக்கன். நேரம் 87இன் வர்க்கமூலத்தால்தான், அதாவது 9.3 மடங்கு குறைகிறது. ஆகவே சின்னப் பொம்மையை அதன் பாட்டில் விட்டால் கை படபடக்கத்தான் செய்யும். அதற்கு இல்லாத பாரத்தை நாம்தான் நடிக்கவைக்க வேண்டும்.

பாரம் கண்ணுக்கு எங்கே தெரிகிறது? நேரத்தில். 1973இல் குன்னார் யொஹான்சன் என்ற சுவீடன் உளவியலாளர் ஆட்களின் மூட்டுகளில் மட்டும் சின்ன வெளிச்சங்களைக் கட்டி இருட்டில் நடக்கவிட்டுக் காட்டினார். முகம் இல்லை, உடம்பு இல்லை, பத்துப் பன்னிரண்டு புள்ளிதான், ஆனாலும் பார்த்தவர்கள் மனிதர் நடக்கிறார் என்று உடனே சொன்னார்கள். 1985இல் ஃபிளாஷ், ஹோகன் என்ற இருவர் கை எப்படி நகர்கிறது என்பதைக் கணிதமாக எழுதினார்கள். நாம் கையை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போது, முடுக்கம் திடீரென்று மாறாதபடி பார்த்துக்கொள்கிறோம். கால்வாசி நேரத்தில் பத்துவீதத் தூரம்தான் போகும், அரைவாசி நேரத்தில் அரைவாசி, கடைசிக் கால்வாசி நேரத்துக்கு இன்னொரு பத்துவீதம். அச்சில் மாட்டிய கம்பி தருவது கால்வாசி நேரத்தில் 15 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை. பிழை அதுவல்ல, அது நிற்காமல் சுற்றுவதுதான். மனிதர் கொடியை உயர்த்தினால் ஒரு கணம் பிடித்துவைத்திருப்பார்.

அதற்குத்தான் கேம், அதாவது சுற்றும்போது தன் விளிம்பால் கையைத் தள்ளுகிற ஒழுங்கற்ற வட்டம். காலாவதியான வங்கி அட்டையில் வெட்டினேன். 0.76 மில்லிமீற்றர் தடிப்பு, கத்தரிக்குச் சுகமாக வழிவிடும். விளிம்பு சுத்த வட்டமாக இருக்கிற பகுதியில் கை நிற்கும், ஆரை கூடுகிற பகுதியில் எழும்பும். அந்த 10, 50, 90 வீதத்தைப் புள்ளிவைத்து வரைந்து வெட்டி, நுண்ணிய அரத்தாளால் தேய்த்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கார்ட்டுக்கு எடை வந்த மாதிரி இருந்தது.

அமெரிக்காவின் லயனல் என்ற பொம்மை ரயில் கம்பனி 1947இலேயே, ஆள் வெளியே வந்து பால் கேன் வைக்கிற ரயில் பெட்டி ஒன்றை விற்றது. அதை இயக்குவது மின்காந்தச் சுருள். இரும்புத் துண்டு சுருளுக்குள் போகப் போக இழுவிசை ஏறிக்கொண்டே போகும், ஆகவே அசைவு முடிகிற இடத்தில்தான் வேகம் அதிகம். நம் கை செய்வதற்கு நேர் எதிர். அதுதான் அந்தக் காலத்துப் பொம்மைகளின் ‘படார்’.

இன்னொரு பிழை எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. கார்ட் பச்சைக் கொடி காட்டுவது ரயில் புறப்பட முதல்! என்னுடையவர் ஓடும்போது மட்டும் காட்டுகிறார். அச்சை நம்பினால் இதைத் தீர்க்க முடியாது. கடைசியில் 9 கிராம் சேர்வோ மோட்டர் ஒன்று, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற சின்ன மோட்டர், வாங்கி வைத்தேன். அதுவும் விட்டால் பத்தில் ஒரு செக்கனில் 60 பாகை பாயும். ஆனால் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் அதற்குக் கட்டளை போகிறது, ஒரு செக்கனுக்கு 50 கட்டளை. அந்த 10, 50, 90 வீத வளைகோட்டை 50 துண்டாக்கிக் கொடுத்தால் கை சொன்னபடி எழும்பும். சேர்வோவின் கையைக் குட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். அது அதிகம் திரும்பி, பொம்மையின் கை கொஞ்சமாக அசைந்தால், படிப்படியாகத் துள்ளுவது தெரியாது.

வங்கி அட்டைக் கேமை எறியவில்லை. அதன் நிற்கிற பகுதியை வெட்டிவிட்டு, 20 பல் சில்லோடு, காலை அலுவலக நேரத்துக் கோச்சியில் மிதிபலகையில் தொங்குகிறவரின் இடுப்புக்கு மாட்டியிருக்கிறேன். ரயில் ஓடினால் அவர் ஆடுவார், நின்றால் நிற்பார். அவருக்கு அச்சுதான் சரி.