ஆளணி இரண்டு, வகுப்பில் ஒருவர்

கொழும்புப் பாடசாலைகளைப் பற்றித் தமிழில் எழுதும் சின்ன இணையத்தளம் எங்களுடையது. மூன்று பேர்தான். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருக்கிறோம். பிக் மெட்ச், அதாவது பாடசாலைகளுக்கிடையிலான பெரிய கிரிக்கெட் போட்டி, என்றால் எல்லாப் பத்திரிகையும் ஓடும். கணித ஆசிரியர் இல்லாத வகுப்பு என்றால் எங்கள் வாட்ஸ்அப்புக்குத்தான் வரும்.

"தம்பி, எங்கட பள்ளிக்கூடத்தில மகளின்ட வகுப்புக்கு ஏழு மாசமா கணக்கு ரீச்சர் இல்ல. பேரைப் போட்டுடாதீங்கோ." இப்படித்தான் ஒரு தாய் வொய்ஸ் நோட் அனுப்பினார். அதை மட்டும் வைத்துச் செய்தி எழுத முடியாது. ஆசிரியர்களைக் கேட்டால் நழுவுவார்கள். குறை சொல்ல மாட்டேன். அரச உத்தியோகத்தர்கள் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதை, அவர்களுக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின் 47ஆம் அத்தியாயம் கட்டுப்படுத்துகிறது.

ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். அந்தப் பாடசாலையில் தமிழ்மொழிமூலக் கணிதத்துக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று கேட்டோம். தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில் பதில் வந்தது, அது தனிக்கதை. அனுமதிக்கப்பட்ட ஆளணி (ஆசிரியர் இடங்கள்) 2, கடமையில் 2, வெற்றிடம் இல்லை. "வெற்றிடம் இல்லை" என்றே நாங்களும் போட்டோம். அன்றிரவே அந்தத் தாய் ஒரு படம் அனுப்பினார்: மகளின் கணக்குக் கொப்பி. கடைசியாகத் திகதி போட்ட பக்கத்தில் பெப்ரவரி என்றிருந்தது. அப்போது செப்டெம்பர்.

பிழை எங்கள் கேள்வியில். மறுபடி எழுதினோம்: அந்த இருவரும் இப்போது எங்கே கற்பிக்கிறார்கள்? ஒருவர் "தற்காலிக இணைப்பில்" வேறொரு பாடசாலையில் இருந்தார். பெயர் இங்கே, சம்பளம் இங்கே, ஆள் அங்கே. தாளில் வெற்றிடம் எப்படித் தெரியும்? பழைய செய்திக்கு மேலேயே திருத்தத்தைப் போட்டோம். கூச்சமாகத்தான் இருந்தது.

இந்த விண்ணப்பத்தைப் போட ஊடகக்காரர் தேவையில்லை. இலங்கைப் பிரஜை எவரும் போடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கே கொடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு. மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனை. ஒரே வீதியில் இரண்டு வகையும் இருக்கும், முதலில் அதைக் கேட்டறியுங்கள். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கொடுத்தால், கிடைத்தது என்று எழுதி வாங்காமல் வராதீர்கள். நாங்கள் ஒருமுறை வாங்காமல் வந்து, முதலிலிருந்து தொடங்கினோம்.

காசு விடயமும் இப்படித்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு என்று காசு கேட்டால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கொப்பித்தாளில் "பெயின்ட் 3,000" என்று எழுதித் தந்தால் அதையும் எறியாதீர்கள், திகதி போட்டு வையுங்கள்.

எங்களுக்கு அனுப்புவதானால் நேரசூசியும் கொப்பியின் கடைசிப் பக்கமும் போதும். பிள்ளையின் முகம், பெயர், சீருடைச் சின்னம் எதுவும் படத்தில் வேண்டாம். அந்தத் தாய் அனுப்பிய படத்தில் மகளின் பெயர் இருந்த மூலையைப் பெருவிரலால் மறைத்திருந்தார். நகத்தில் மஞ்சள் கறை.