வருமா, வராதா?

மினி பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் பாருங்கள். பத்து மணிக்குக் கட்டாயம் வரும் என்றால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். வருமோ வராதோ என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை சாலையை எட்டிப் பார்ப்பார். போட்டோ போட்டுவிட்டுப் போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் நம் கதையும் அதேதான்.

மூளையில் சுரக்கும் டோபமினை ‘இன்ப ரசாயனம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்கு ஒரு சைகை காட்டி, அப்புறம் கொஞ்சம் பழச்சாறு கொடுத்தார். டோபமின் நரம்பணுக்கள் முதலில் சாறு கிடைத்தபோது துடித்தன. பழகிய பிறகு சைகையைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. சைகை காட்டி ஏமாற்றினால், சாறு வரவேண்டிய அந்த நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை கணக்குப் போடுகிறது!

2003இல் அவருடைய குழு வாய்ப்பை மாற்றிப் பார்த்தது. சாறு வரவும் வராமல் போகவும் சரிபாதி வாய்ப்பு என்றபோதுதான், காத்திருக்கும் நேரத்தில் அந்த அணுக்களின் செயல்பாடு மிக அதிகமாக ஏறியது. கட்டாயம் வரும் என்றாலோ, வரவே வராது என்றாலோ அந்த ஏற்றம் இல்லை.

இப்போது திரையைக் கீழே இழுங்கள். சின்ன வளையம் ஒன்று சுற்றுகிறது. ஏதாவது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்.

குரங்கின் சாற்றிலிருந்து நம் லைக்குக்குத் தாவுவது ஊகம்தான். ஆனால் 2016இல் கலிஃபோர்னியாவில் பதின்வயதினரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, அவர்களின் படங்களையே காட்டினார்கள். லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே இஷ்டத்துக்குப் போட்டிருந்தார்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்த படங்களுக்கு, மூளையில் வெகுமதிக்குத் துடிக்கும் பகுதி அதிகம் துடித்தது.

சரி, விட்டுவிட்டால்? 2018இல் அமெரிக்காவில் ஆய்வுக்காகச் சிலர் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தினார்கள். நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிஞ்சியது. மனநிலை தேறியது, ஆனால் கொஞ்சம்தான். ‘போன்தான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம்’ என்பவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அப்புறம் நடந்ததுதான். தடை முடிந்து திரும்பி வந்தவர்கள், வாரங்கள் கடந்தும் மற்றவர்களைவிடக் குறைவாகவே அதைப் பயன்படுத்தினார்கள்.