ஆயில் ஃபில்டரை இடம் மாற்றுகிறீர்களா? முதலில் ஹோஸைப் பாருங்கள்

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். பழைய ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டி டிரே கட்டியது, எஸ்டேட்டில் காப்பி மூட்டையும் மிளகும் ஏற்றுகிற வண்டி. அதில் வேறொரு வண்டியின் டீசல் இன்ஜினை இறக்கியிருந்தார்கள். இறக்கிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மவுண்டிங் வெல்டிங் எல்லாம் சுத்தம். ஆனால் அந்த இன்ஜினுக்கு ஆயில் ஃபில்டர் வருகிற இடத்தில்தான் இந்த ஜீப்பின் ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கிறது. அதனால் பிளாக்கில் ஓர் அடாப்டர் போட்டு, இரண்டு ஹோஸ் இழுத்து, ஃபில்டரைத் தனியாக ஃபெண்டர் பக்கம் கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள். இன்ஜின் மாற்றிய வண்டிகளில் இது வழக்கமான வேலை, நானும் செய்து கொடுக்கிறேன். போட்டிருந்த ஹோஸ்தான் கோளாறு. டீசல் லைனுக்குப் போடுகிற சாதா ரப்பர் ஹோஸ், இரண்டு முனையிலும் திருகுகிற கிளிப்.

மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. பதினான்கைத் தாண்டியதும் ஹோஸ் கிளிப்பிலிருந்து நழுவிவிட்டது. ஓட்டி வந்த தம்பி சொன்னான்: "ஆயில் லைட் எரிஞ்சதுங்கண்ணா. அடுத்த வளைவுல இடம் இருக்கு, அங்க ஓரங்கட்டிக்கலாம்னு போனேன்." அந்த ஒரு வளைவு போதும். இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், கிராங்கில் (இன்ஜினின் சுழல்தண்டு) மாட்டுகிற பிக் எண்ட் பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிகிறது, பேரிங்கின் ஒரு பாதி வளையம் (செல்) கிராங்கோடு சேர்ந்தே சுற்றியிருக்கிறது. பீறிட்ட ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டுப் பற்றாமல் போனது அவன் நல்ல நேரம்.

ஃபில்டர் பிளாக்கோடு ஒட்டி இருக்கும்வரை ஆயில் இன்ஜினை விட்டு வெளியே வருவதே இல்லை. இடம் மாற்றியதும் பம்ப் தள்ளுகிற மொத்த ஆயிலும் இரண்டு ஹோஸ் வழியாக வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும், ஒன்று விட்டால் சில நொடியில் சம்ப் காலி. டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு ஆயில் லைட்டோ, பிரஷர் கிட்டத்தட்ட அரை பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே போன பிறகுதான் எரியும், அதாவது எல்லாம் முடிந்த பிறகு. அதனால் இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் ஆயில் பிரஷரை முள்ளால் காட்டுகிற கேஜ் ஒன்று கட்டாயம் என்று சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்றால் வேலையை எடுப்பதில்லை.

சரி, எந்த ஹோஸ் போடுவது? "ஹைட்ராலிக் ஹோஸ் போட்டாச்சு, நூற்றைம்பது பார் தாங்கும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதுகூட ஆயில் பிரஷர் ஐந்தாறு பார்தான் வரும், அதற்கு எந்த ஹைட்ராலிக் ஹோஸும் தாராளம். இங்கே பார்க்க வேண்டியது சூடு. சாதா ஹைட்ராலிக் ஹோஸுக்கு 100 டிகிரிதான் எல்லை. லோடோடு மலை ஏறும்போது இன்ஜின் ஆயில் 110, 120 வரை போகும். உடனே ஒன்றும் ஆகாது, ரப்பர் மெல்ல இறுகி, முனையில் ஃபிட்டிங்கை அழுத்திப் பூட்டிய, அதாவது கிரிம்ப் பண்ணிய இடத்தில் முதலில் வியர்க்கிற மாதிரி ஆயில் கசியும், அப்புறம் ஒருநாள் வெடிப்பு. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் புண்ணியத்தில் நம் பக்கம் கிரிம்பிங் கடைக்குப் பஞ்சமில்லை, ஆகவே கடையில் அதிகச் சூடு தாங்குகிற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். உள்துளை அரை இன்ச்சுக்குக் குறையக் கூடாது. ரப்பர் மவுண்டிங்கில் இன்ஜின் ஆடும், ஃபில்டரைத் திருகி மாட்டுகிற தலை பாடியில் அசையாமல் நிற்கும், எனவே ஹோஸைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, எக்ஸாஸ்ட் பக்கமும் உரசுகிற இடத்திலும் போகாமல் பாருங்கள்.

ஹோஸ் மாறிப் போவது இதைவிட மோசம். இதில் நானே ஒரு முறை தப்புப் பண்ணியிருக்கிறேன். அடாப்டரிலும் ஃபில்டர் தலையிலும் 'இன்', 'அவுட்' என்று அச்சு இருக்கும். அடாப்டரின் அவுட், ஃபில்டர் தலையின் இன்னோடு சேர வேண்டும். நான் அவசரத்தில் அவுட்டை அவுட்டோடு சேர்த்துவிட்டேன். புது ஃபில்டரைக் கவிழ்த்துப் பாருங்கள், நடுவில் மரை உள்ள பெரிய துளை, சுற்றிலும் சின்னத் துளைகள். சின்னத் துளைகளுக்கு உள்ளே ஒரு ரப்பர் இருக்கும், விரலால் அழுத்தினால் உள்பக்கம் மடங்கும். ஆயில் சுற்றுத் துளைகள் வழியே உள்ளே போய், பேப்பரைக் கடந்து, நடுவழியாக வெளியே வர வேண்டும். இன்ஜினை அணைத்தால் ஆயில் திரும்பி வடியாமல் பிடிக்கத்தான் அந்த ரப்பர். ஹோஸை மாற்றிப் போட்டால் அதே ரப்பர் கதவு மாதிரி சாத்திக்கொள்ளும், பேரிங்குக்கு ஒரு சொட்டுப் போகாது.

அன்று என்னைக் காப்பாற்றியது பழக்கம்தான். இன்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சும்மா சுற்ற வேண்டும், ஃபில்டருக்குப் பின்னால் மெயின் லைனில் வைத்த கேஜ் எழும்ப வேண்டும். எழும்பவில்லை. ஃபில்டரில் முன்பே ஆயில் நிரப்பியிருந்தேன், ஆகவே காற்று என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. விட்டு விட்டு மூன்று முறை அடித்தும் முள் அசையாததால் கழற்றிப் பார்த்தேன், அப்போதுதான் தெரிந்தது. இன்றுவரை கேஜ் எழும்பாமல் எந்த வண்டியையும் ஸ்டார்ட் பண்ணுவதில்லை. ஒரு மீட்டர் ஹோஸே கிட்டத்தட்ட 125 மில்லி ஆயில் குடிக்கும், ஓடிய பிறகு டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. பற்றியும் ஒரு வார்த்தை. வண்டியை மாற்றியமைப்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் வருகிறது. இன்ஜினை மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏறாத வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள்.

அடுத்த முறை ஃபில்டர் மாற்றும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ஃபில்டர் தலை பெரும்பாலும் முக்கால் இன்ச் மரை, அதாவது 19 மில்லிமீட்டர் சொச்சம். இன்ஜினின் சொந்த ஃபில்டர் 20 மில்லிமீட்டர் மரையாக இருக்கலாம். கடைக்காரர் இன்ஜின் பெயரைக் கேட்டு அந்த 20-ஐ எடுத்துக் கொடுப்பார், அது முக்கால் இன்ச் மரையில் தொளதொளவென்று ஏறி ஒருவழியாக இறுகியும் விடும், பையனும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். பிரஷர் ஏறினால் எப்போது வேண்டுமானாலும் கழன்று வரும். அதனால் இப்போது நான் மாற்றிக் கொடுக்கிற ஒவ்வொரு வண்டியிலும் பானெட்டின் உள்பக்கம் மரை அளவையும் ஃபில்டர் நம்பரையும் வெள்ளை பெயிண்டில் எழுதிவிடுகிறேன். அந்த ஏற்காட்டு பிக்கப்பிலும் எழுதியாயிற்று, கிராங்க் மட்டும் இன்னும் லேத்திலிருந்து வரவில்லை.