ப்ராசஸர் கொதிக்கிறதா? சூடு எங்கே தேங்குகிறது என்று முதலில் பாருங்கள்

கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது. அணையாவிட்டாலும் ஃபேன் இரைச்சல் தாங்கவில்லை, வேலை மட்டும் ஊர்ந்து ஊர்ந்து நகர்கிறது, வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்தால் 97, 98, 100 என்று நிற்கிறது. யாரிடம் கேட்டாலும் ‘பேஸ்ட் மாற்று’ (ப்ராசஸர் மேல் தடவியிருக்கும், வெப்பம் கடத்தும் களிம்பு) என்பார்கள், இல்லையென்றால் ‘பெரிய ஃபேன் வாங்கிப் போடு’ என்பார்கள். இரண்டும் சில நேரம் சரியான வைத்தியம்தான். ஆனால் நோய் எதுவென்று தெரியாமல் செய்தால் பணமும் நேரமும் போய், சூடு மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில் இந்தச் சூடு எவ்வளவு என்று புரிந்துகொள்வோம். ப்ராசஸருக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதுமே கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அது சக்கரத்தைச் சுற்றுவதில்லை, வெளிச்சம் தருவதில்லை, கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். 100 வாட் இழுக்கும் ஒரு ப்ராசஸரின் சிலிக்கான் துண்டு 2 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 50 வாட் வெளியேற வேண்டும். 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள 1,500 வாட் மின் அடுப்பின் தட்டில் இதே கணக்கைப் போட்டால் 6 வாட்தான் வருகிறது. அதாவது அடுப்பைவிட எட்டு மடங்கு நெருக்கமான சூடு விரல்நகம் அளவு இடத்தில் பிறக்கிறது, அதை 100 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கவும் வேண்டும். ஒழுங்காக வேலை செய்யும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் இதைச் சாதித்துக்கொண்டே இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இந்தச் சூடு வெளியே போக ஒரே ஒரு பாதைதான் உண்டு. சிலிக்கானிலிருந்து மேலே உள்ள உலோக மூடிக்கு, அங்கிருந்து பேஸ்ட் வழியாக ஹீட்சிங்க் என்ற, சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோக அமைப்பின் அடித்தட்டுக்கு, பிறகு செம்புக் குழாய்கள் வழியாக மெல்லிய தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து காற்றுக்கு, அந்தக் காற்று கேபினெட்டை விட்டு வெளியே. (லேப்டாப்பில் பெரும்பாலும் உலோக மூடி இருக்காது, சிலிக்கான் மேலேயே நேராக பேஸ்ட்.) இதில் ஒரு கண்ணி அடைத்துக்கொண்டால் அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் சுடும், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஆறிக் கிடக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் போதும், கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

டெஸ்க்டாப் என்றால் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்து, திரையில் 95 டிகிரி காட்டும்போது ஹீட்சிங்கின் அடிப்பாகத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுற்றும் ஃபேனிலிருந்து விரலைத் தள்ளியே வையுங்கள், பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 95 டிகிரி, ஆனால் ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறதா? சூடு அங்கே வந்து சேரவே இல்லை. பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம், புதிதாக மாட்டியதென்றால் அடித்தட்டில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டிருக்கலாம். மாறாக, விரலை வைக்க முடியாத அளவுக்கு ஹீட்சிங்க் சுட்டால் சூடு வந்து சேர்ந்துவிட்டது, வெளியேறத்தான் வழியில்லை. அது காற்றோட்டக் கோளாறு. அப்போது பேஸ்ட் மாற்றிப் பயனில்லை.

தொட முடியாத லேப்டாப்பில் கடிகாரம் உதவும். அரைக் கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 450 ஜூல் வேண்டும், 100 வாட் அதைக் கொடுக்க நாலரை நொடி ஆகும், ஆக 40 டிகிரி ஏறுவதற்குக் குறைந்தது 3 நிமிடம். லேப்டாப்பின் ஹீட்சிங்க் இதைவிடச் சிறியதுதான், ஆனாலும் அது சூடாகி நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் காற்றோட்டம் கெட்டிருந்தால் வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறும், வேலையை நிறுத்தினாலும் இறங்க நேரம் எடுக்கும். ஆரம்பித்த சில நொடிகளிலேயே 100ஐத் தொட்டு, நிறுத்தியதும் பொத்தென்று விழுந்தால், சூடு அந்தச் சின்ன சிலிக்கானிலேயே தேங்கியிருக்கிறது, பக்கத்து உலோகத்துக்குப் போகவில்லை என்று பொருள்.

ஆனால் நல்ல நிலையில் உள்ள ப்ராசஸரும் வேலை வந்த நொடியில் 20, 30 டிகிரி குதிக்கும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையின் பெரிய டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் முழுப் பளுவில் 95 டிகிரிவரை போய் அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. எனவே வெப்பநிலையோடு கிளாக் வேகத்தையும் (கிகாஹெர்ட்ஸில் காட்டும் ப்ராசஸரின் வேகம்) சேர்த்தே பாருங்கள். 95 டிகிரியிலும் அறிவித்த அடிப்படை வேகத்துக்கு மேலேயே ஓடுகிறது என்றால் அது கோளாறு இல்லை. அதற்கும் கீழே சரிகிறது என்றால், ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. 2000ல் வந்த இன்டெலின் பென்டியம் 4 ப்ராசஸரிலேயே இந்தத் தற்காப்பு இருந்தது. அதுவும் போதாமல் போனால் கடைசி வழிதான் அந்தத் திடீர் அணைப்பு.

என்னுடைய டெஸ்க்டாப்பில் இரண்டு வாரம் இந்தத் தொல்லை இருந்தது. பேஸ்ட் மாற்றினேன், ஃபேன் மாற்றினேன், கேபினெட்டில் கூடுதலாக ஒரு ஃபேனும் மாட்டினேன், நான்கைந்து நொடியில் 100 டிகிரி என்பது மட்டும் மாறவில்லை. கடைசியில் மதர்போர்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று பாதிதான் இறங்கியிருக்கிறது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றதில் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. அந்த ஊசியை அழுத்தி, புதிதாக பேஸ்ட் வைத்ததும் அதே பளுவில் 68 டிகிரி.

மயிரிழை இடைவெளி இவ்வளவு செய்யுமா என்றால், செய்யும். செம்பின் வெப்பம் கடத்தும் திறன் சுமார் 400, நல்ல பேஸ்டுக்கு 5லிருந்து 10, காற்றுக்கோ 0.026. செம்போடு பார்த்தால் பேஸ்ட் மட்டமான கடத்திதான், ஆனால் காற்றைவிடக் குறைந்தது 190 மடங்கு மேல். அதனால் அதன் வேலை இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் உள்ள காற்றை வெளியேற்றுவது மட்டுமே. ஒரு பட்டாணி அளவு போதும், மிச்சத்தை ஹீட்சிங்கின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். வருடக் கணக்கில் சூடாகி ஆறி, விரிந்து சுருங்கி, பேஸ்ட் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வறண்டுபோவதும் உண்டு. மாற்றும்போது ஹீட்சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைக் கழற்றிய பிறகு மெல்ல இடமும் வலமும் திருகி எடுங்கள், இல்லாவிட்டால் ஊசிகள் உள்ள ப்ராசஸர் சாக்கெட்டை விட்டு ஹீட்சிங்கோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

அந்தச் செம்புக் குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்கக் கெட்டிக் கம்பிபோல் இருந்தாலும் உள்ளே கூடு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு அடைத்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது, 30, 40 டிகிரியிலேயே ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மறுபடி நீராகி, உள்சுவரில் உள்ள திரிபோன்ற படலம் வழியே ஊறித் திரும்பி வரும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, அதனால் 100 வாட்டைச் சுமக்க நொடிக்கு 0.04 கிராம் ஆவியானாலே போதும். 1963ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய உத்தி இது. அரிதாக இந்தக் குழாய் வெடிப்புவிட்டுத் தண்ணீர் போய்விட்டால் ஒரு முனை சுடும், மறுமுனை சில்லென்று இருக்கும். அப்போது ஹீட்சிங்கையே மாற்ற வேண்டியதுதான்.

காற்றோட்டக் கோளாறு லேப்டாப்பில்தான் அதிகம், அதுவும் ஏமாற்றும் இடத்தில். வெளித் துளைகள் சுத்தமாகத் தெரியும், ஃபேன் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டுபோல் படிந்து அடைத்திருக்கும். ஃபேன் முழு வேகத்தில் இரைந்தும், காற்று வெளிவரும் வாயில் கையை வைத்தால் காற்றே வரவில்லை என்றால் இதுதான். திறந்து அந்தப் படலத்தை உரித்தெடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் அது மேலும் உள்ளே போய் உட்காரும். ஊதும்போது ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெறிகொண்டு சுற்றினால் பேரிங் கெடும். டெஸ்க்டாப்பில் பக்கத்து மூடியைக் கழற்றியதுமே 10 டிகிரி குறைந்தால், கேபினெட் மூச்சுவிடத் தவிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் சுற்றிவரும் கூலர் என்றால் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று நல்ல சூடு, மற்றது குளிர்ச்சி என்றால் பம்ப் நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

பாதை முழுக்கச் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையென்றால், பிறக்கும் சூட்டையே குறைக்கலாம். சில மதர்போர்டுகள் ப்ராசஸர் தயாரிப்பாளர் சொன்ன வாட் வரம்பைத் தளர்த்தியே வருகின்றன, பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) அதைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே கொண்டுவாருங்கள். வோல்டேஜ் குறைப்பது இன்னும் பலன் தரும், ஏனென்றால் டிரான்சிஸ்டர் மாறி மாறி இயங்கச் செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, 10 சதவீதம் குறைத்தால் அந்தச் செலவு 19 சதவீதம் குறையும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் முழுப் பளுவில் ஓட்டிப் பார்க்க வேண்டும், தடுமாறினால் ஒரு படி திரும்ப ஏற்றிவிடுங்கள்.

அப்புறம், சரிசெய்தோமா இல்லையா என்று ஒப்பிடும்போது அறையின் வெப்பநிலையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 40 டிகிரி அறையில் 90ம் 30 டிகிரி அறையில் 80ம் ஒன்றுதான், இரண்டிலும் ஹீட்சிங்க் செய்த வேலை அதே 50 டிகிரி.